வேலு என்று எழுதச் சொன்னேன்

சென்ற மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. முப்பத்தொரு வருடம் நான் வேலை செய்த நூலகத்திலிருந்து, இப்போது அங்கே நூலகராக இருக்கும் சிராஸா அனுப்பியிருந்தாள். அவள் என் கீழே பயிற்சி எடுத்தவள், கெட்டிக்காரி. "பல்லின சமூகத்துக்கு ஏற்ற நூலக சேவை" என்று ஒரு கருத்தரங்கு வைக்கிறார்களாம். அதற்கு முன்னோடியாக வாசகர்கள் எல்லோரிடமும் இந்தப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்குகிறார்களாம். பெயர், முகவரி, இனம், மதம், வீட்டில் பேசும் மொழி, விரும்பி வாசிப்பது என்ன, எந்த நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேள்விகள்.

பின்னாலேயே அவளுடைய தொலைபேசி அழைப்பும் வந்தது. "மிஸ், நீங்களும் ஒண்டு நிரப்பித் தாங்க. கருத்தரங்குல வந்து பேசவும் வேணும். ஒங்கட அனுபவம் எங்களுக்கு ரொம்ப ஒதவியா ஈக்கும்."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு அச்சடித்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிரப்பிய பிறகு அது எந்த அலுமாரியில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று அதில் எங்கேயும் இல்லை. சந்தேகம் பிடித்த கிழவி என்று என் மருமகள் என்னைச் சொல்வாள். சொல்லட்டும். எதனால் பிடித்தது என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நூலகம் கண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், அது பழகிப்போன எச்சரிக்கை. என் அப்பா கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தமிழ்ப் பகுதிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, சிங்களமும் தெரிந்த தோட்டத்துப் பெண் என்று என்னை எடுத்தார்கள். பேராதனைக்கு சனிக்கிழமைதோறும் போய்ப் புத்தகத்துக்கு எண் போடக் கற்றுக்கொண்டேன். எந்த எண்ணுக்கு எந்தத் தட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தமிழ்ப் பகுதிக்கு இருந்ததே ஒரே ஓர் அலுமாரி. அதுவும் கழிப்பறைக்குப் போகிற வழியில். அதற்கும் பூட்டு. சாவி நூலகர் அபேகோன் சேரிடம்.

அபேகோன் சேர் கண்டிச் சிங்களவர். ஒல்லியாக இருப்பார், வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். காலை எட்டரைக்கு வந்தவுடன் அன்றைய பத்திரிகைகளை மூன்று மொழியிலும் வாங்கி, ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் முத்திரை குத்துவார். அந்த வேலையைப் பியோனிடம்கூடக் கொடுக்க மாட்டார். பிறகு மூங்கில் கம்பில் கோத்துத் தானே கொண்டுபோய்த் தொங்கவிடுவார். மாலையில் கழற்றி, பக்கம் எண்ணி, மடிப்பை நகத்தால் அழுத்தி அடுக்குவார். ஒரு மூலை கிழிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். என்னிடம் சிங்களத்தில் மட்டும் பேசுவார். "மிஸ்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் சிரிக்க மாட்டார். அவருடைய அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே இருந்துகொண்டு வாசிப்பறை முழுவதையும் பார்ப்பார். இடுப்பில் சாவிக் கொத்து தொங்கியதால் நான் அவருக்குப் "பூட்டு மாமா" என்று பெயர் வைத்தேன். தமிழ் வாசகர்களிடம் அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பேன். அந்த ஆளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்ற தைரியம்தான்.

அங்கத்துவம் வேண்டுமென்றால் நகரத்தில் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டுகிற ஒருவர் பிணையாளராகக் கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி. நகரத்தில் வீடு உள்ளவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவனுக்கு ஏது சோலைவரி? லயம் கம்பெனியுடையது. கதவில் எண் இல்லை, கடிதம்கூடத் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். தோட்டத்துச் சனம் வந்து கேட்கும்போதெல்லாம் அபேகோன் சேர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "பிணையாளரோடு வரச் சொல்லுங்கள் மிஸ்" என்பார். தமிழனை உள்ளே விடக்கூடாது என்பதற்காகவே செய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் தங்கராஜ். நகரத்தில் ஹாட்வெயார் கடையில் சாமான் நிறுக்கிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கடை லீவு, நேரே லைப்ரரிக்கு வந்துவிடுவார். மூன்று தடவை படிவம் கொண்டுவந்தார். முதலாளி கையெழுத்து வைக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "பரவால்ல மிஸ். வீட்டுக்குக் கொண்டு போகத்தானே கார்டு வேணும்? நான் இங்கயே ஒக்காந்து படிச்சிட்டுப் போறேன். வீட்டுல வெளிச்சமும் இல்ல." அப்படியே செய்தார். ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தை ஒரு பஸ் டிக்கெட் வைத்து அடையாளம் பண்ணி, ஒரே நாவலை ஆறு வாரம் வாசிப்பார். அந்தப் புத்தகத்தை வேறு யாருக்கும் இரவல் கொடுக்காமல் நான் ஒளித்து வைப்பேன்.

பிறகு யுத்தம் முற்றிய காலம். மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வாசிப்பறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் வாசலிலிருக்கும் இடாப்பில் பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எல்லா இனத்துக்கும் பொதுவான விதிதான். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயரைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் சிங்களப் பெயரை எழுதி வைப்பதும் ஒன்றில்லை. அது வாசலில் நின்ற எங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அபேகோன் சேர் அந்த இடாப்பைத் தன் அறைக்குக் கொண்டுபோவார். கதவைச் சாத்துவார். பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். ஒரு நாள் காலையில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்து அவர் அறையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பியோன் என்னிடம் வந்து, "பொலிஸ்" என்று வாயை மட்டும் அசைத்துக் காட்டினான். அன்றோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே ஒரு வேலை செய்தேன். வருகிற தமிழ் வாசகர்களுக்கெல்லாம் வேறு பெயர் கொடுத்தேன். நூலகப் புத்தி எங்கே போகும்? ஆளுக்கு ஒன்று என்று ஒழுங்காகக் கொடுத்தேன், ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் சாமி பெயர்கள். முகவரிக்கு "கண்டி" என்று மட்டும் எழுதச் சொன்னேன். தமிழ் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று, புத்தகம் எடுத்துக் கொடுப்பதுபோல மெதுவாகச் சொல்வேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தினமும் வருவார். அவருக்கு எஸ். நடராஜா என்று வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, இந்த வயசிலை எனக்குப் பேர் வைப்போ? சரி, ஓம், நீ சொன்னால் எழுதிறன்." தங்கராஜுக்கு கே. வேலு. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"பிரச்சினை ஒண்ணும் வராதே மிஸ்?"

"உங்க பேரு அவங்க கையில போனாத்தான் பிரச்சினை. வேலுன்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார். மொத்தம் பதினேழு பேர் எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பூட்டு மாமா பொலிஸுக்குக் கொடுக்கிற பட்டியலில் சாமிகள்தான் இருப்பார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் கதவு திறக்கும் முன்பே ஒரு பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கராஜின் மனைவி புஷ்பம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"மிஸ், எங்க வீட்டுக்காரர நேத்து ராவு பொலிஸ்ல புடிச்சிட்டுப் போயிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல என்னமோ பார்சல் கெடந்துச்சாம். மூணு மணிக்கு ஒரு தமிழ் ஆளு வச்சிட்டுப் போனதப் பாத்தாங்களாம். இவருன்னு சொல்றாங்க. இவரு லைப்ரரில இருந்தேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு இங்க வந்து புஸ்தகத்துல பாப்பாங்களாம். பேரு இருந்தா விட்டுருவாங்க. இருக்குதானே மிஸ்?"

உள்ளே போய் இடாப்பைத் திறந்தேன். வியாழக்கிழமை. கே. வேலு, கண்டி. வந்த நேரம் இரண்டு பத்து, போன நேரம் நான்கு முப்பத்தைந்து. அவருடைய கையெழுத்துத்தான். தங்கராஜ் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அதைவிட மோசம், அங்கே இருந்தது பொய்ப் பெயர். பொய்ப் பெயர் எழுதிவிட்டு நகரத்தில் உலவுகிற தமிழனை அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது குரங்குகூட இல்லை. ஒரு மனிதனுடைய கழுத்தை.

வேலு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவைத் திறந்தேன். தங்கராஜ் என்று சிறிதாக எழுதிவிடலாம், நேரத்தையும் போட்டுவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"அதுல எழுதாத."

தமிழில் கேட்ட குரல். நிமிர்ந்தேன். அபேகோன் சேர் நின்றுகொண்டிருந்தார்.

"எழுதினா அவன் செத்தான். மை காயலன்னு பாத்த ஒடனே தெரியும். பூட்டு மாமா சொல்றேன், கேளு. பேனாவ மூடு."

பேனாவை மூடினேன். தோட்டத்துத் தமிழ், எங்கள் லயத்துப் பிள்ளைகள் பேசுகிற தமிழ். அதில் மரியாதைச் சொல் ஒன்றுமே இல்லை. பிறகுதான் தெரியும், அவருடைய தகப்பனார் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவராக இருந்திருக்கிறார். சின்ன வயதில் இவருக்கு விளையாட்டுத் தோழர்கள் எல்லாம் லயத்துப் பிள்ளைகள். அவர்களிடம் கற்றதால் இவருக்கு நீயும் வாவும் போவும்தான் தெரியும்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை லாச்சியைத் திறந்து கெட்டி அட்டை போட்ட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்து என் முன்னால் போட்டார். திறந்து பார்த்தேன். நாள் வாரியாகத் தமிழிலேயே எழுதியிருந்தார், சிங்களம் எழுதிப் பழகிய உருண்டைக் கையில். இடது பக்கம் நான் கொடுத்த சாமிப் பெயர்கள். வலது பக்கம் உண்மையான பெயர். அதற்குப் பக்கத்தில் எங்கே உட்கார்ந்தார், என்ன வாசித்தார், எத்தனை மணி. "வேலு – தங்கராஜ், ஹாட்வெயார் கடை. ஜன்னல் கதிரை. கதைப் புத்தகம். 2.10 – 4.35." பதினேழு பேரும் இருந்தார்கள். முதல் நாளிலிருந்தே இருந்தார்கள்.

"எப்பிடித் தெரியும் சேர்?" என்று கேட்டேன்.

"நீ அலுமாரிக்கு இந்தப் பக்கம் நின்னு பேர் சொல்லிக் குடுத்த. நான் அந்தப் பக்கம் நின்னேன்."

"தமிழ் தெரியும்னு ஏன் சொல்லல?"

"ஒனக்குச் சிங்களம் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ஒன் முன்னால ஒருத்தனும் ஒண்ணும் பேசறதில்ல."

"இந்தக் கொப்பி யாருக்கு எழுதினீங்க?"

"தேவப்படுறவனுக்கு."

எந்தத் தேவை என்று கேட்டேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். அபேகோன் சேர் இடாப்பையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்துச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். நேற்றையது மட்டும் அல்ல, பல மாதத்து வியாழக்கிழமைகளையும் காட்டினார். எல்லா வியாழனும் வேலு, எல்லா வியாழனும் ஜன்னல் கதிரை. இன்ஸ்பெக்டர் ஒரு பழைய பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே நாளில் எழுதிய கொப்பி இல்லை என்று அவருக்கே விளங்கியது.

"அப்படியானால் இவன் ஏன் பொய்ப் பெயர் எழுதினான்?" என்று கேட்டார்.

சேர் எனக்காக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸிடம் கேளுங்கள்" என்றார்.

அந்த நிமிடம் அவரை அடியோடு வெறுத்தேன். இன்றைக்கு யோசித்தால், அவர் பதிலில் ஒரு பொய் கலந்திருந்தால் கொப்பியில் இருந்த உண்மையையும் நம்பியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு அது தோன்றவில்லை. "நான்தான் எழுதச் சொன்னேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். "ஏன்?" என்றார். "நீங்கள் வாசிப்பீர்கள் என்ற பயத்தில்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கொப்பியை மூடினார். கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அபேகோன் சேர் கையை நீட்டினார். "அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துத் தருகிறேன்" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சேர் நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா, வேலை முடிந்த ஆறுதலா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தங்கராஜை மூன்றாம் நாள் விட்டார்கள். புஷ்பம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் அதே வாரம் மற்றப் பதினாறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஏன் பெயரை மாற்றினாய், அங்கே என்ன வாசித்தாய். ஒருவரிடமும் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். தபாலதிபரை மூன்று முறை. அவர் கடைசியாக வந்தபோது உட்காரவில்லை. பத்திரிகையையும் தொடவில்லை. "பிள்ளை, என்ரை சொந்தப் பேரிலேயே நான் இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் தமிழ் அலுமாரிப் பக்கம் ஈ, காக்கை இல்லை. எந்தப் பட்டியல் அவர்கள் கையில் போகக்கூடாது என்று பயந்தேனோ, அந்தப் பட்டியலுக்கு நானே காரணமானேன். உண்மைப் பெயரை எழுதியிருந்தால் அது சாதாரண இடாப்பு. நான் பெயரை மாற்றினதால்தான் ஒரு கொப்பிக்கு வேலை வந்தது.

எனக்கும் விசாரணை வந்தது. வேலை போகவில்லை. ஒரு வருடம் புத்தகம் கட்டுகிற அறைக்கு அனுப்பினார்கள். பிறகு எச்சரிக்கைக் கடிதத்தோடு பழைய மேசைக்கே வந்தேன். ஒரு புள்ளி பிழைத்தாலும் வீட்டுக்குப் போ என்று அதில் எழுதாத குறைதான்.

நான் திரும்பி வந்த இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, தங்கராஜ் வாசலில் வந்து நின்றார். ஆள் மெலிந்திருந்தார், இடது கையை விறைப்பாக வைத்திருந்தார். உள்ளே வரவில்லை. மேசையில் இருந்த இடாப்பைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். ஜன்னலோரக் கதிரை காலியாகத்தான் இருந்தது.

"மிஸ், கையெழுத்துப் போடாம கொஞ்ச நேரம் உள்ள இருந்து படிக்கலாமா? அந்தப் புஸ்தகம் இன்னும் முடியல."

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அபேகோன் சேர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. என் லாச்சியில் எச்சரிக்கைக் கடிதம் கிடந்தது.

"முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

தங்கராஜ் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மாலையில் அந்த நாவலை எடுத்துப் பார்த்தேன், கட்டுகஸ்தோட்டை பஸ் டிக்கெட் ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. கடைசி நாற்பது பக்கம்தான் பாக்கி. அபேகோன் சேரை இத்தனை வருடம் சந்தேகப்பட்டேன். அவர் ஓய்வு பெற்று, காலமாகியும் போய்விட்டார். அவர் எங்களைக் காப்பாற்ற எழுதினாரா, காட்டிக் கொடுக்க எழுதினாரா என்பது, எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல் நான் இன்னும் கையில் வைத்திருக்கிற புத்தகம். ஆனால் அன்றைக்குத் தங்கராஜை வாசலோடு திருப்பி அனுப்பியது அவர் இல்லை. நான். அதில் சந்தேகமே கிடையாது.

சிராஸாவின் படிவத்தில் பெயர், இனம், மதம், மொழி எல்லாவற்றையும் வெறுமையாக விட்டேன். கடைசியில் "உங்கள் ஆலோசனை" என்று இரண்டு கோடு இருந்தது. அதில் மட்டும் எழுதினேன்: "பெயரும் கையெழுத்தும் இல்லாமல் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்து வாசிக்க விடுவீர்களா?"

நேற்று அவள் தொலைபேசியில் பேசினாள். படிவம் கிடைத்ததாம், நிறைய வெறுமையாக இருக்கிறதாம்.

"நான் எழுதினதுக்குப் பதில் என்ன?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நல்ல கேள்விதான் மிஸ்" என்றாள். "ஆனா, அதுக்கு மேலிடத்துல கேக்கணும்."